பிக்கப்புக்கு விரல் கணக்கு தெரியாது

நம்ம ஹாஸ்டல்ல ஃப்ளோருக்கு ஒரு கிட்டாராவது இருக்கும். முக்கால்வாசி கிட்டார்ல ஒரு கம்பி அறுந்திருக்கும். வாங்கினவன் முதல் செமஸ்டர்ல நாலு கார்ட் கத்துக்கிட்டிருப்பான். எஃப் கார்ட் வந்ததும் விரல் வலிக்குதுன்னு அலமாரி மேல ஏத்தியிருப்பான். இந்தக் கட்டுரை அந்த அலமாரி மேல இருக்கிற கிட்டார்களுக்காக. அதுவும் எலக்ட்ரிக் கிட்டாரா இருந்தா ரொம்ப நல்லது.

கிட்டார்னா இடது கை விரல் நுனியால கம்பியை அழுத்தணும், வலது கையில பிக் பிடிச்சு மீட்டணும். எந்த வீடியோவைத் திறந்தாலும் இதுதான் முதல் பாடம். ஆனா உலகத்துல நிறைய பேர் இந்தப் பாடத்தை மீறித்தான் வாசிச்சிருக்காங்க. வயலின் வில்லால தேய்ச்சவங்க இருக்காங்க, கம்பிக்கு நடுவுல ஸ்க்ரூடிரைவரைச் செருகினவங்க இருக்காங்க, மடியில படுக்கப் போட்டு இரும்பை உருட்டினவங்க இருக்காங்க. பார்க்கிறவங்களுக்கு வித்தை மாதிரி தெரியும். ஆனா கதையைத் தேடிப் போனா பெரும்பாலும் ரெண்டே காரணம்தான். ஒண்ணு, அவங்களுக்கு வேண்டிய சத்தம் வழக்கமான வழியில வரலை. இன்னொண்ணு, அவங்க கை வழக்கமான வழிக்கு ஒத்துவரலை. ரெண்டாவது காரணத்துல எனக்குச் சொந்த அக்கறை உண்டு.

எங்க ஊர்

சென்னையிலிருந்து பைக்ல பாண்டி போறவங்க எல்லாரும் எங்க ஊரைப் பார்த்திருப்பீங்க. ஈசிஆர்ல பாத்தி பாத்தியா தண்ணி நிக்கும், ஓரமா வெள்ளை வெளேர்னு குவியல் இருக்கும், நீங்க வண்டியை நிறுத்தி ஃபோட்டோ எடுத்துட்டுப் போயிடுவீங்க. அதுதான் மரக்காணம். அந்தக் குவியல்தான் எங்க எல்லார் வீட்டுச் சாப்பாடும். அப்பா உப்பு லாரி ஓட்டுறார். அண்ணன் டிப்ளமோ முடிச்சுட்டு உப்பு அரைக்கிற மில் ஒண்ணுல வேலைக்குப் போனார்.

எங்க கரைக்கும் கம்பி வாத்தியத்துக்கும் பழைய சம்பந்தம் இருக்கு. நான் படிச்சது இங்கிலீஷ் மீடியம், தமிழ் எனக்கு ஒரே ஒரு பேப்பர். சிறுபாணாற்றுப்படைன்னா மனப்பாடம் பண்ண வேண்டிய ஒரு பேர், அவ்வளவுதான். காலேஜ் வந்தப்புறம்தான் அது எங்க ஊர்ப் பக்கத்துப் பாட்டுன்னு தெரிஞ்சுது. சின்ன யாழ் வெச்சிருக்கிற பாணனை ஓய்மாநாட்டு நல்லியக்கோடன் கிட்ட வழி சொல்லி அனுப்புற பாட்டு அது. பாடினவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். இடைக்கழிநாடு இன்னிக்கும் எங்களுக்கு வடக்கால இருக்கிற பேரூராட்சி. பாட்டுல வர்ற எயிற்பட்டினம் மரக்காணம் பக்கம்தான்னு ஆய்வாளர்கள் பலர் சொல்றாங்க. உப்பு வண்டி ஓட்டுற உமணரும் அதே பாட்டுல வர்றாங்க. உப்பும் கம்பியும் ஒரே பாட்டுல இருக்குன்னு தெரிஞ்சப்போ எனக்கு உண்மையிலேயே சந்தோஷமா இருந்துச்சு. ஏன்னா எங்க வீட்லயும் அந்த ரெண்டும் இருந்துச்சு.

ஆனா உப்புக் காத்துக்கும் கிட்டார் கம்பிக்கும் ஆகாது. புதுக் கம்பி போட்டா மத்த ஊர்ல மாசக்கணக்குல தாங்கும், எங்க ஊர்ல சில வாரத்துலயே துரு பிடிச்சு விரலைச் சுரண்டும். வால்யூம் குமிழைத் திருகினா கரகரன்னு சத்தம் வரும். அண்ணன் வாசிச்சு முடிச்சதும் ஒவ்வொரு கம்பியையும் பழைய பனியன் துணியால துடைப்பார். ஷூ டப்பாவுல வர்ற சிலிக்கா ஜெல் பொட்டலத்தை ஊரெல்லாம் கேட்டு வாங்கி கிட்டார் பைக்குள்ள போட்டு வெப்பார். பாண்டியில செகண்ட் ஹேண்ட்ல வாங்கின எலக்ட்ரிக் கிட்டார் அது. திருவிழா சீசன்ல ஒரு மெல்லிசைக் குழுவோட போய் வாசிப்பார்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி மில்லுல அவர் இடது கை பெல்ட்ல மாட்டிக்கிச்சு. ஆள்காட்டி விரலும் நடு விரலும் மேல் கணுவோட போயிடுச்சு. மில்லுல கொடுத்த காசு ஆஸ்பத்திரிக்கே சரியாப் போச்சு. கிட்டார் வாசிக்கிறவங்களுக்குத் தெரியும், இடது கையில அந்த ரெண்டு விரல்தான் பாதி வேலை செய்யும். அண்ணன் கிட்டாரைப் பையில போட்டு பரண் மேல வெச்சுட்டார். அதைப் பத்தி வீட்ல யாரும் பேசலை. அவரும் பேசலை. துடைக்கிறதையும் நிறுத்திட்டார்.

எனக்கு ஜூலைல பெங்களூர்ல வேலைக்குச் சேரணும். அதுக்குள்ள அந்தப் பை கீழே இறங்கணும்னு நினைச்சேன். அப்படித் தேட ஆரம்பிச்சதுதான் இதெல்லாம்.

காந்தத்துக்கு என்ன தெரியும்

ட்ரிபிள்ஈக்காரங்க மன்னிச்சுக்கோங்க, உங்களுக்குத் தெரிஞ்ச விஷயம்தான். எலக்ட்ரிக் கிட்டார்ல கம்பிக்குக் கீழே பிக்கப் இருக்கு. உள்ளே காந்தம், அதைச் சுத்தி ஆயிரக்கணக்கான சுத்து மெல்லிய செம்புக் கம்பி. மேலே இரும்புக் கம்பி அதிர்ந்தா காந்தப்புலம் மாறும், காயில்ல மின்னழுத்தம் வரும், ஆம்ப்ளிஃபையர் அதைப் பெரிசாக்கும். ஃபாரடே விதி, அவ்வளவுதான்.

இதுல ஒரு விஷயத்தைக் கவனிங்க. பிக்கப்புக்குத் தெரியறது கம்பியோட அசைவு மட்டும்தான். அதை அசைச்சது விரலா, வில்லா, இரும்பா, எத்தனை விரல், இதெல்லாம் அதுக்குத் தெரியாது. மர கிட்டார்ல சத்தம் வரணும்னா நல்லா இழுத்து மீட்டணும். எலக்ட்ரிக்ல லேசாத் தொட்டாலே போதும், மீதியை ஆம்ப் பார்த்துக்கும். விசித்திரமான வாசிப்பு முறைகள்ல பாதி எலக்ட்ரிக் கிட்டாருக்கு அப்புறம் பரவினதுக்குக் காரணம் இதுதான்னு நான் நினைக்கிறேன்.

உதாரணத்துக்கு டாப்பிங். ரெண்டு கை விரலாலயும் ஃப்ரெட் பலகை மேலேயே கம்பியைக் கொட்டி வாசிக்கிறது. 1978-ல வான் ஹேலன் ஆல்பத்துல எடி வான் ஹேலன் செஞ்சதைக் கேட்டுட்டு உலகமே அதுக்குப் பின்னாடி ஓடுச்சு. அவருக்கு முன்னாடியே எம்மெட் சாப்மன் ரெண்டு கையாலயும் கொட்டி வாசிச்சு, அதுக்காகவே சாப்மன் ஸ்டிக்னு ஒரு தனி வாத்தியத்தையே செஞ்சார்.

அடுத்தது ஈபோ. கையில அடங்குற சின்னக் கருவி, 9 வோல்ட் பேட்டரி. ஒரு காயில் கம்பியோட அசைவை உணரும், இன்னொரு காயில் அதையே பெரிசாக்கித் திருப்பிக் கம்பியைத் தள்ளும். பாசிட்டிவ் ஃபீட்பேக். நாம பரீட்சைக்குப் படிக்கிற ஆசிலேட்டர்தான், ஒரு கம்பியை நடுவுல வெச்சுக்கிட்டு. மீட்டவே வேண்டாம், சத்தம் நிக்காம புல்லாங்குழல் மாதிரி வந்துட்டே இருக்கும்.

ஜிம்மி பேஜ் வயலின் வில்லால தேய்ச்சார். கீத் ரோ 1960-கள்லயே கிட்டாரை மேஜை மேல படுக்க வெச்சு, கையில கிடைச்ச பொருளையெல்லாம் வெச்சு வாசிச்சார். கிங்க்ஸ் குழுவோட டேவ் டேவிஸ் 1964-ல கிட்டாரை விட்டுட்டு ஆம்ப் ஸ்பீக்கரையே பிளேடால கிழிச்சார், அந்தக் கிழிஞ்ச சத்தம்தான் அவருக்கு வேணும்.

கேட்கும்போது ஜாலியா இருக்கு. ஆனா எங்க அண்ணனுக்கு வேண்டியது ஜாலி இல்லை. விரல் இல்லாதவங்க என்ன பண்ணாங்கன்னு தேடினேன்.

தகரத் தொழிற்சாலையும் தீயும்

டோனி அயோமி. பிளாக் சப்பாத் குழுவோட கிட்டாரிஸ்ட். இங்கிலாந்துல பர்மிங்காம்ல தகரத் தொழிற்சாலை ஒண்ணுல வேலை. 17 வயசு. அந்த வேலையில அதுதான் அவருக்குக் கடைசி நாள். மெஷின்ல கை மாட்டி வலது கை நடு விரல் நுனியும் மோதிர விரல் நுனியும் போயிடுச்சு. அவர் இடது கைப் பழக்கம், அதனால ஃப்ரெட் பலகையில அழுத்துற கை அதுதான். இதைப் படிச்சப்போ நான் கொஞ்ச நேரம் லேப்டாப்பை மூடி வெச்சுட்டேன்.

அவர் மனசு விட்டுப் போயிருந்தப்போ அந்தத் தொழிற்சாலை மேலாளர் ஒரு ரெக்கார்ட் கொண்டு வந்து போட்டிருக்கார். ஜாங்கோ ரைன்ஹார்ட் வாசிச்சது. 1928-ல அவர் தங்கியிருந்த வண்டி தீப்பிடிச்சு, இடது கையில ரெண்டு விரல் முடங்கிப் போச்சு. மீதி ரெண்டு விரலாலயே ஐரோப்பிய ஜாஸ்ல அவருக்கு நிகர் இல்லைன்னு பேர் வாங்கினார். அயோமி அதைக் கேட்டுட்டு, பாத்திரம் கழுவுற திரவத்தோட பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செஞ்சார், மேலே தோல் ஒட்டினார், மெல்லிய கம்பி போட்டார். பின்னாடி சுருதியையும் இறக்கினார், கம்பி இளகினா விரலுக்குச் சுலபம். 1971-ல வந்த மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி ஆல்பத்துல அந்தக் கனமான சத்தத்தைக் கேட்கலாம். ஹெவி மெட்டல்னு நாம சொல்ற சத்தத்துல ஒரு பங்கு அந்த விரல் தொப்பியிலிருந்து வந்தது.

அண்ணனுக்கு வாட்ஸ்அப்ல இதை அனுப்பினேன். "நல்லாருக்குடா"ன்னு மட்டும் பதில் வந்துச்சு. தொப்பி போட்டுப் பார்க்கலாமான்னு கேட்டேன். அண்ணனுக்கு நுனி மட்டும் போகலை, ஒரு கணுவே போயிருக்கு, தொப்பி நிக்காது. அதனால அழுத்தவே தேவையில்லாத வழியைத் தேட வேண்டியதாச்சு.

நம்மாளுங்க செஞ்சது

அந்த வழி வெளிநாட்டுல இருக்கும்னு நினைச்சேன். வழி கிடைச்சது நம்ம பக்கத்துல.

முதல்ல வயலினைப் பாருங்க. வெளிநாட்டுல அதைத் தாடைக்குக் கீழே வெச்சு வாசிக்கிறாங்க. நம்ம ஊர்ல தரையில உக்காந்து, அதோட தலையைக் கால் மேல சாய்ச்சு வாசிக்கிறோம். முத்துசுவாமி தீட்சிதரோட தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியர் கிட்ட வயலின் கத்துக்கிட்டு கர்நாடக இசைக்குக் கொண்டு வந்தார். வாத்தியம் காலுல சாய்ஞ்சு நின்னா இடது கை அதைத் தாங்க வேண்டியதில்லை, மேலும் கீழும் தாராளமா வழுக்கும். கமகத்துக்கு அது வேணும். அந்தக் காலத்து ஐரோப்பியருக்கு நாம பிடிக்கிற விதம் விசித்திரமாத்தான் தெரிஞ்சிருக்கும். இன்னிக்கு நமக்கு அதுதான் வழக்கம்.

மாண்டலின் ஸ்ரீநிவாஸ். சாதாரண மாண்டலின்ல ஜோடி ஜோடியா எட்டுக் கம்பி, மீட்டினா சத்தம் சீக்கிரம் செத்துப் போகும். அவர் எலக்ட்ரிக் மாண்டலின்ல ஒத்தைக் கம்பியா அஞ்சு கம்பி வெச்சுக்கிட்டார். அவரோட குரு ருத்ரராஜு சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார், பையன் அந்தப் பாட்டை வாத்தியத்துல தேடுவான். கை எங்கே வைக்கணும்னு சொல்லித் தர ஆளே இல்லாததால, காதுல விழுந்ததை எப்படியாவது கொண்டு வர்றதுதான் பயிற்சி.

கிட்டார் பிரசன்னா நம்மாளு, அதாவது இன்ஜினியர். சென்னை ஐஐடியில கப்பல் கட்டுமானம் படிச்சவர், அப்புறம் பாஸ்டன்ல பெர்க்லீ இசைக் கல்லூரி. ராகம் முழுசையும் எலக்ட்ரிக் கிட்டார்ல இழுத்தும் வழுக்கியும் வாசிக்கிறார். எங்க ஊருக்கு வடக்கால, அதே ஈசிஆர்ல, செய்யூர் பக்கம் 2010-ல ஸ்வர்ணபூமி அகாடமி ஆஃப் மியூசிக் ஆரம்பிச்சப்போ அதுக்குத் தலைவர் அவர்தான். அப்பா லாரி அந்த வழியா எத்தனையோ தடவை போயிருக்கு.

இழுக்கிறதுல ஒரு சிக்கல் இருக்கு. கம்பியைப் பக்கவாட்டுல இழுத்தா இழுவிசை கூடும், சுரம் ஏறும். ஆனா அழுத்தின சுரத்துக்குக் கீழே போகாது. வீணையிலயும் இதேதான், அதனால முன்னாடியே இழுத்து வெச்சு, விட்டுக்கொடுத்து இறங்குவாங்க. வீணையில மெட்டு உயரமா மெழுகு மேல நிக்கும், விரல் மரத்தைத் தொடாது, அதனால இழுக்கச் சுலபம். ஜான் மெக்லாஃப்லின் சக்தி குழுவுக்காக மெட்டுக்கு நடுவுல மரத்தைக் குழிவாச் சுரண்டின கிட்டார் செய்ய வெச்சதும் இதே வசதிக்குத்தான். ஆனா இழுக்கவும் அழுத்தவும் விரல் நுனி வேணும்.

நுனியே வேண்டாத வாத்தியம் ஒண்ணு நம்மகிட்டயே இருக்கு, சித்திரவீணை. கோட்டுவாத்தியம்னும் சொல்வாங்க. மெட்டே கிடையாது. கையில ஒரு கட்டையைப் பிடிச்சுக் கம்பி மேல வழுக்க வேண்டியதுதான். கடலுக்கு அந்தப் பக்கம் ஹவாய்த் தீவுல ஜோசப் கெகுகு 19-ம் நூற்றாண்டு முடியறப்போ கிட்டாரை மடியில வெச்சு இரும்பை வழுக்கி வாசிச்சார். அந்த முறை இந்தியாவுக்கும் வந்துச்சு. பிரிஜ் பூஷண் காப்ரா கிட்டாரை மடியில போட்டு ராகம் வாசிச்சார், 1967-ல வந்த கால் ஆஃப் தி வேலி ஆல்பத்துல அவரைக் கேட்கலாம். விஸ்வ மோகன் பட் கிட்டார்ல கூடுதல் கம்பிகளைச் சேர்த்து மோகன வீணையாக்கினார், ரை கூடரோட சேர்ந்து வாசிச்சதுக்கு 1994-ல கிராமி வாங்கினார்.

இந்த முறையில கம்பியை அழுத்துறதே இல்லை. இரும்பு கம்பி மேல படுத்திருந்தாப் போதும். கட்டை விரலும் ரெண்டு மொட்டை விரலும் சேர்ந்தா ஒரு இரும்பைப் பிடிக்கலாம்.

பரணிலிருந்து கீழே

பொங்கல் லீவுல பையை இறக்கினேன். ஆறு கம்பியும் பழுப்பு. சிலிக்கா ஜெல் பொட்டலம் எல்லாம் கல்லு மாதிரி கெட்டியாயிருந்துச்சு.

மடியில வெச்சு வாசிக்கணும்னா கம்பி உயரமா நிக்கணும், இல்லன்னா இரும்பு மெட்டுல இடிக்கும். அதுக்குத் தனியா ஒரு துண்டு விக்கிறாங்க. நான் ஒரு 8 எம்எம் போல்ட்டோட தலையை ஹேக்சாவால அறுத்து, கழுத்தோட அகலத்துக்கு வெட்டி, நட் பக்கம் கம்பிக்குக் கீழே செருகினேன். போல்ட்டோட மரையிலேயே கம்பி நகராம உக்காந்துக்கிச்சு. முதல் வருஷம் ஃபிட்டிங் லேப்ல கத்துக்கிட்டது வாழ்க்கையில முதல் தடவையா உபயோகப்பட்டுச்சு.

வழுக்குற இரும்புக்கு அப்பாவோட டூல்ஸ் பாக்ஸ்ல 17-ம் நம்பர் டீப் சாக்கெட். வழவழன்னு குரோம் பூச்சு, நல்ல கனம். ரெண்டு நாள் கழிச்சு அப்பா லாரிக்கு அடியில படுத்துக்கிட்டு "17 எங்கடா?"ன்னு கத்தினார். இப்போ கிட்டாருக்குன்னு தனியா ஒண்ணு வாங்கிட்டோம்.

சுருதியையும் மாத்தினோம். சாதாரணமா தடிமனான கம்பியிலிருந்து ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. அதை டி, ஏ, டி, ஏ, ஏ, டி ஆக்கினோம். அதாவது ச, ப, ச, ப, ப, ச. எந்தக் கம்பியை விட்டு மீட்டினாலும் தம்புரா மாதிரி சேர்ந்து ஒலிக்கும்.

அண்ணன் முதல்ல தொடவே இல்லை. நான் வாசிச்சுக் காட்டினேன். தகர ஷீட்டை ரோட்டுல இழுத்த மாதிரி இருந்துச்சு. அவருக்குத் தாங்கலை.

"டேய், இன்னாடா இது, பின்னாடி கம்பியெல்லாம் கூவுது பாரு. அமுக்கு."

"எப்படிண்ணே அமுக்குறது?"

"இப்படிக் கொடு."

வாங்கினார். இரும்புக்குப் பின்னாடி இருக்கிற கம்பிப் பகுதியும் அதிரும், அதை மிச்ச விரலால லேசா மூடணும். இது எல்லாப் பாடத்துலயும் இருக்குன்னு அப்புறம்தான் படிச்சேன். அண்ணன் யாரும் சொல்லாமலே மோதிர விரலையும் சுண்டு விரலையும் பின்னாடி படுக்க வெச்சுட்டார். அந்த ரெண்டு விரலும் முழுசா இருக்கு.

உடனே பிரமாதமா வந்துச்சுன்னு எழுதினா பொய். சுருதி விலகிட்டே இருந்துச்சு. ஏன்னு கணக்குப் போட்டேன். எங்க கிட்டார்ல கம்பியோட நீளம் 648 மிமீ. தலைப் பக்கம் இரும்பு 1 மிமீ விலகினா, ஒரு அரைச் சுரத்தை நூறாப் பிரிச்சா அதுல கிட்டத்தட்ட 3 பங்கு தப்பு. 12-ம் மெட்டுல கம்பியோட பாதி நீளம்தான் மிச்சம், அங்கே அதே 1 மிமீக்கு 5 பங்குக்கு மேல தப்பு. நான் இதைப் பேப்பர்ல எழுதிக் காட்டினப்போ அண்ணன், "காதுல கேட்குதேடா, கணக்கு எதுக்கு?"ன்னார். இரும்பை மெட்டுக்கு நேர் மேல வைக்கணும், அழுத்தும்போது வைக்கிற மாதிரி மெட்டுக்குப் பின்னாடி வைக்கக் கூடாது. பத்து வருஷப் பழக்கம் கையை இழுக்குது. அது மாற இன்னும் நாளாகும்.

மொட்டை விரல்ல இரும்பு பட்டா குளிர்ல ஊசி குத்துற மாதிரி வலிக்கும்னு சொன்னார். அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. கால் மணி நேரம் வாசிப்பார், வெச்சுடுவார். மறுநாள் எடுப்பார். அம்மா மட்டும், "இரும்பை இரும்பால தேய்ச்சா பாட்டு வருமா"ன்னு கேட்டுட்டே வாசல்ல உக்காந்து கேட்டுட்டிருப்பாங்க.

மெல்லிசைக் குழுவுல அவருக்குத் திரும்ப இடம் கிடைக்குமான்னு தெரியலை. சினிமாப் பாட்டுக்கு வேகமா கார்ட் மாத்தணும், இந்த முறையில அது கஷ்டம். ஒத்தைக் கம்பியில பாடுற மாதிரி இழுத்து வாசிக்கத்தான் இது. போன வாரம் ஃபோன்ல கேட்டேன். நாதஸ்வரக்காரர் ஒருத்தர் வாசிச்ச மோகனத்தை ரெக்கார்ட் பண்ணி வெச்சுத் தேடிட்டிருக்கேன்னு சொன்னார். முந்தி கிட்டார்ல அவர் ராகம் தேடினதே கிடையாது.

உங்களுக்கு

இப்போ உங்க அலமாரி மேல இருக்கிற கிட்டாருக்கு வருவோம். விரல் வலிக்குதுன்னு விட்டவங்க, கை சின்னதுன்னு விட்டவங்க, ஏதோ ஒரு காரணத்தால கை முழுசா ஒத்துழைக்காதவங்க, இதை முயற்சி பண்ணிப் பாருங்க. செலவு ரொம்பக் கம்மி.

புதுக் கம்பி ஒரு செட். தலை அறுத்த போல்ட் ஒண்ணு, வெட்டின முனையை அரத்தால தேய்ச்சுடுங்க, கையைக் கிழிக்கும். டீப் சாக்கெட் ஒண்ணு, இல்லன்னா கனமான கண்ணாடி பாட்டில். மூணாவது கம்பியை ஜியிலிருந்து ஏவுக்கு ஏத்தும்போது மெதுவா ஏத்துங்க, அறுந்தா முகத்துல அடிக்கும். இரும்பைக் கம்பி மேல வைங்க, அமுக்க வேண்டாம், அதோட எடையே போதும். பின்னாடி விரலைப் படுக்க வைங்க. முதல் வாரம் ஒரே ஒரு கம்பியில ச-வுக்கும் ப-வுக்கும் மட்டும் போயிட்டு வாங்க. உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு குரலை மனசுல வெச்சுக்கிட்டு அதைத் தேடுங்க, அம்மா தாலாட்டானாலும் சரி, ஊர்க் கோயில் நாதஸ்வரமானாலும் சரி.

கடற்கரை ஊர்க்காரங்களா இருந்தா வாசிச்சு முடிச்சதும் கம்பியைத் துடைச்சுடுங்க. எங்க வீட்ல பனியன் துணி திரும்பவும் கிட்டார் பைக்குள்ள வந்துடுச்சு.